பதினோராவது ஆள்

வலது பக்கத்தை முடித்துவிட்டு இடது பக்கத்துக்கு நகர வேண்டிய இடத்தில் தலைவர் மெஷினை நிறுத்திவிட்டார்.

நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். வலது காதுக்கு மேலே ஒட்ட வெட்டிய, ஒழுங்கான தலை. இடது காதை மூடிக்கொண்டு ஆறு மாதத்து முடி. நடுவே யாரோ எல்லைத் தகராறு தீர்த்து வைத்ததுபோல் ஒரு கோடு.

"என்னண்ணே, கரண்ட் போயிடுச்சா?"

"கரண்ட் இருக்கு சார். பிளேடு சூடாயிடுச்சு. கொஞ்சம் ஆறட்டும்."

"அண்ணே, மூணு மணிக்கெல்லாம் நான் ஒரு இடத்துல நிக்கணும்."

"நிக்கலாம் சார், யார் வேண்டாம்னா? மேட்ச் நாலு மணிக்கு. உக்காந்து பாத்துட்டு அப்புறமா நிதானமா நிக்கலாம்."

பிளேடு சூடாகவில்லை. சூடாகியிருந்தது தலைவர்தான்.

சலூன்காரரைத் தலைவர் என்று தெரு முழுவதும் கூப்பிட்டதற்குக் காரணம், கடை வாசலில் தொங்கிய பலகை. 'தேசிய அணி ரசிகர் மன்றம்' என்று அதில் பெரிதாகவும், அதற்குக் கீழே நிறுவனர் என்று அவருடைய மச்சானின் பெயர் சிறிதாகவும் எழுதியிருக்கும். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அந்த மனிதர் இருந்தவரை ஆட்ட நாட்களில் கடைக்குள் நாற்பது பேர் நிற்பார்கள். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியில் தொங்குவார்கள். மச்சான் விசிலை ஊதினால் அடுத்த தெருவில் தூங்குகிறவனும் எழுந்து ஓடி வருவான். இரண்டு வருடத்துக்கு முன், ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் இரண்டாம் பாதியைப் பார்க்கவில்லை. "கடையைக் காலியா விட்டுடாதீங்க மாப்பிள்ளை" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. விசில் இப்போது டிவிக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது.

அதன் பிறகு அணி ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. நாற்பது பேர் இருபதாகி, இருபது ஆறாகி, போன ஆட்டத்துக்கு வந்தது ஒருவர். அவரும் தாடியை ட்ரிம் பண்ண வந்தவர்.

இந்த நிலையில்தான் போன வாரம் கால்பந்துச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பதினொரு பேராவது கூடி ஆட்டம் பார்க்காத மன்றங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படும். சங்கத்து ஆள் முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்ப்பார். நீக்கப்பட்ட மன்றங்கள் பலகையை இறக்கிவிட வேண்டும்.

"பலகையை இறக்கணுமாம்ல, பலகையை!" என்று அன்றைக்கு அவர் குதித்த குதியில் ஒரு வாடிக்கையாளரின் கிருதா காதுக்கு மேலே போய்விட்டது.

இன்று இரண்டு மணிக்கு இந்த ஆள் வந்தார். நெடுநெடுவென்று உயரம். கழுத்துவரை ஜிப் போட்ட சட்டை. "சீக்கிரம் முடிச்சு விடுங்கண்ணே. இன்னிக்கு நாலு பேர் முகத்தைப் பாப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தலைவர் முதலில் ஷேவிங்கைத் தொடங்கினார். கத்தி கையில் வந்ததும் வாயும் தானாகத் திறந்துகொண்டது.

"இன்னிக்கு மேட்ச் இருக்கு, தெரியுமில்ல? தெருவுல ஒருத்தனுக்குத் தெரியல சார்! ஜனங்களைச் சொல்லிக் குத்தமில்ல. ஆறு மாசமா ஒரு கோல்கீப்பரை வச்சிருக்கானுங்களே, அவனைச் சொல்லணும். அவன் பேரு ஓட்டைக்கை. நான்தான் வச்சேன். எதிர்ல வர்றவன் பந்தைத் தவிர வேற எதை அடிச்சாலும் பிடிச்சிடுவான். அவன் மட்டும் ஒரு நாள் இந்த நாற்காலியில உக்காந்தான்னு வைங்க..."

கத்தி தொண்டைக்குழியில் நின்றது. வந்தவர் எச்சில்கூட விழுங்கவில்லை.

அப்போதுதான் கழுத்துத் துணி நழுவியது, ஜிப் இறங்கியது, உள்ளே சட்டையில் கால்பந்துச் சங்கத்து முத்திரை தெரிந்தது. தலைவர் குனிந்து அதை உற்றுப் பார்த்தார்.

"சார்... சங்கத்து ஆளா?"

தொண்டையில் கத்தி இருக்கும்போது தலையை ஆட்ட முடியாது. அவர் இரண்டு கண்ணையும் மூடித் திறந்தார். கத்தி விலகியதும் வாயைத் திறந்தார். "அண்ணே, நான் வந்து..."

"சொல்லாதீங்க சார்! முன்னறிவிப்பு இல்லாம வரணும்னு விதி. நான் கேக்கல, நீங்க சொல்லல. முடிஞ்சுது."

இவர் மூன்று மணிக்குக் கிளம்பினால் என்ன பார்த்துவிட்டுப் போவார்? காலிக் கடை. ஒரே ஒரு ரசிகன். அவன் கையில் சோப்பு. பலகை இறங்கிவிடும். ஆகவேதான் வலது பக்கம் முடிந்ததும் மெஷின் நின்றது.

வந்தவர் எழுந்து பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். "இந்தத் தலையோட நான் எங்கேயும் போக முடியாதேண்ணே" என்றார், அழுகிற குரலில்.

"அதான் சார் சொல்றேன், உக்காருங்க!"

அவருடைய செல்போன் துணிக்குள் அதிர்ந்தது. தலைவர் அதை உருவி எடுத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். "ஆட்டத்தன்னிக்குப் போன் பேசக் கூடாது. எங்க மன்றத்து விதி. நீங்க அதையும் ரிப்போர்ட்ல எழுதிக்கலாம்." சொல்லிவிட்டு ஆள் பிடிக்க ஓடினார்.

எதிர்க் கடையில் டெய்லர் தலையைத் தூக்காமலே, "வரமாட்டேன்" என்றார்.

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே!"

"உன் மூஞ்சி கேக்குதே."

"ஏன்யா, நாட்டுக்காக ஒன்றரை மணி நேரம் உக்கார முடியாதா?"

"உக்காந்தேனே! பன்னெண்டு வருஷம் உக்காந்தேன். கடைசியா உக்காந்தப்ப அஞ்சு கோல். அந்தக் கடுப்புல ஒரு கல்யாணக் கோட்டுக்குக் கையை முதுகுல வச்சுத் தச்சேன். மாப்பிள்ளை மேடையில பின்னாடி கும்பிட்டுக்கிட்டு நிக்கவா?"

"என் மச்சான் இருந்தா இப்படிப் பேசுவியா?"

டெய்லர் கத்தரியைக் கீழே வைத்தார். "அந்த மனுஷனை இழுக்காதே. வரேன். அஞ்சு நிமிஷம்தான்."

ஐந்தாவது நிமிடம் எழுந்தவரை, "மீசையில ஒரு முடி நீட்டிக்கிட்டு இருக்கு" என்று உட்கார வைத்து, பாதி மீசையை எடுத்துவிட்டார் தலைவர்.

"அடப்பாவி!"

"மீதியை மேட்ச் முடிஞ்சதும் பாப்போம்."

மாடி வீட்டு ரிடையர்டு டிரைவருக்குத் தலையிலும் முடியில்லை, முகத்திலும் முடியில்லை, பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டால் எழுந்திருக்க மாட்டார். "நானும் முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். பின்னாடி மட்டுமே போற வண்டியை உன் டீம்லதான்யா பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி, குறட்டையைத் தொடங்கினார்.

சாரை விட்டுவிட்டு, தன்னையும் சேர்த்து மூன்று. தலைவர் ஒரு அட்டையில் 'இன்று இலவசம்' என்று எழுதி வாசலில் மாட்டினார். மரக்கடையில் வேலை முடிந்து வந்த ஏழு பேர், தலையெல்லாம் மரத்தூளோடு, அப்படியே உள்ளே நுழைந்தார்கள். ஓடிவிடப் போகிறார்களே என்று ஒவ்வொரு தலையிலும் மெஷினால் ஒரே ஒரு இழுப்பு இழுத்து வைத்தார் தலைவர்.

"யோவ், என்னய்யா இது, ரோடு போட்டிருக்கே?"

"மீதி ஆட்டம் முடிஞ்சதும். சத்தம் போடாதீங்க, சார் பாக்கறாரு."

ஆகப் பத்து. பின்கட்டை நோக்கிக் குரல் கொடுத்தார். "ஏம்மா, ஒரு ஆள் குறையுது. நீயும் வா."

"எனக்கு அடுப்புல வேலை இருக்கு. பாதித் தலையோட உக்கார வைக்கிற கடைக்கு நான் வரல" என்று மனைவியின் குரல் வந்தது. "எங்கண்ணன் ஆளைக் கூப்பிட்டான். நீங்க ஆளைப் பிடிக்கிறீங்க."

அந்த வார்த்தை தைத்தது. ஆனால் அதற்குள் மணி நான்கு. அலமாரியில் செல்போன் நிறுத்தாமல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, பவுடர் டப்பாவை விளிம்புக்கு அப்பால் தள்ளியது. நாற்காலிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் துணிக்கு வெளியே ஒரு கையை நீட்டி டப்பாவைப் பிடித்தார். ஆள் எண்ணிக்கொண்டிருந்த தலைவர் அதை வாங்கி வைத்தார். நன்றி சொல்லவும் தோன்றவில்லை.

ஆட்டம் தொடங்கியது. "நமது அணி இடமிருந்து வலமாக ஆடுகிறது. வழக்கமான கோல்கீப்பர் இன்று களத்தில் இல்லை. காரணம் அறிவிக்கப்படவில்லை. அவருக்குப் பதிலாக..." என்றது டிவி.

"ஒழிஞ்சான் ஓட்டைக்கை!" தலைவர் துண்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "சார், இன்னிக்கு ஜெயிக்கிறோம்!"

சார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

சலூனில் டிவி பின்சுவரில் இருக்கும். உட்கார்ந்திருப்பவர்கள் எதிர்க் கண்ணாடியில்தான் பார்ப்பார்கள். கண்ணாடியில் இடம் வலமாகிவிடும் என்பது பழைய ரசிகர்களுக்குப் பழக்கம். மரக்கடைக்காரர்களுக்கு யார் சொல்வது? ஏழாவது நிமிடம் நம் வலைக்குள் பந்து விழுந்ததும் ஏழு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் ஆணியில் இருந்த விசிலை எடுத்து ஊதினார். டிரைவர் திடுக்கிட்டு விழித்து, "ஸ்டாப்பிங் வந்துடுச்சா?" என்றார்.

"அதை வைய்யா கீழே!" தலைவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அது யார் விசில் தெரியுமா? எதிரி கோல் போட்டா இந்தக் கடையில கைதட்டுறதா? நீங்க எல்லாம் ரசிகனா? இந்தச் சுவத்தைப் பாருங்க!"

சுவரில் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அணியின் படம். பதினொரு பெயரையும் மூச்சு விடாமல் சொன்னார் தலைவர். யாருக்கு எந்தக் காலில் பலம், முழங்கால் அடிபட்டது எந்த வருடம் என்பதுவரை சொன்னார்.

"இப்ப ஆடுறவங்க படம் எங்கே?" என்றார் டெய்லர் பாதி மீசைக்குள்ளிருந்து.

"ஜெயிச்சா ஒட்டுவோம்."

கடைசி நான்கு ஆட்டங்களிலும் முதல் கோல் விழுந்த உடனே டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தான் கத்தரி தீட்டப் போய்விட்டதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாவது கோல் விழுந்தது. மூன்றாவது, புதுக் கோல்கீப்பரின் கால் நடுவே உருண்டு போனது. தலைவர் சீப்பை இரண்டாக ஒடித்தார்.

"அய்யோ, இவனுக்கு அவனே தேவலாமே! ஓட்டைக்கை ஒண்ணை விட்டாலும் ஒண்ணைப் பிடிப்பான். எங்கே போய்த் தொலைஞ்சான்? நாடே பாத்துக்கிட்டு இருக்கும்போது வராம எந்த மூலையில உக்காந்திருக்கான்? கொஞ்சமாவது சூடு சொரணை வேண்டாம்?"

இடைவேளை விசில் ஊதியது. மரக்கடைக்காரர்கள், "எங்களுக்கு இப்படியே போதும், விடுய்யா" என்று எழுந்தார்கள். அந்த நேரத்தில் பின்கதவு திறந்து மனைவி உள்ளே வந்தாள்.

"பதினொண்ணு!" தலைவர் கத்தினார். "சார், எண்ணிக்குங்க! பதினொண்ணு! என் பொண்டாட்டி, நிறுவனரோட சொந்தத் தங்கச்சி!"

அவள் கையில் ஒரு உறை. "ஏங்க, இது காலையிலேயே வந்துச்சு. நீங்க கண்ணாடி துடைச்சுக்கிட்டு இருந்தீங்கன்னு அரிசி டப்பா மேல வச்சேன், மறந்துட்டேன். சங்கத்துலேர்ந்து."

தலைவர் பிரித்தார். டெய்லர் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார். "'பிற மன்றங்கள் அனைத்தும் தாமாகவே கலைந்துவிட்டன. நாட்டில் எஞ்சியிருப்பது தங்கள் மன்றம் ஒன்றே. ஆகவே ஆய்வு கைவிடப்படுகிறது. எங்கள் ஆள் எவரும் வரமாட்டார். பலகை இருக்கலாம்.'"

மனைவி தரையிலிருந்து விசிலை எடுத்து, முந்தானையில் துடைத்து, ஆணியில் மாட்டினாள்.

'எவரும் வரமாட்டார்' என்ற வரியிலேயே தலைவரின் விரல் நின்றிருந்தது. மெதுவாகத் திரும்பினார். நாற்காலியில், துணிக்கு மேலே பாதித் தலை. அலமாரியில் செல்போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அப்போ... நீங்க யாரு சார்?"

அந்த ஆள் கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்தில் முதல் தடவையாகக் குறுக்கே யாரும் பேசாமல் பேசினார்.

"மூணு கோல் ஆயிடுச்சுண்ணே, இந்தப் பக்கத்தையும் முடிச்சு விட்டீங்கன்னா, ரெண்டாவது பாதிக்காவது ஓடிப் போய் இந்த ஓட்டைக்கையோட கோல்ல நிப்பேன்."