பறுவம் அண்ணையும் பிழையான நிலவுகளும்

தமிழில் எழுதுகிற அத்தனை பேரையும் நடுங்க வைக்கக்கூடிய ஒரே மனிதர் இந்த நேரம் மொன்றியல் டவுன்டவுனில், ஓர் உணவகத்தின் குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டு நிற்கிறார். விமர்சகர்கள், பதிப்பாளர்கள், பரிசுக் குழுக்காரர் எல்லாரும் அவருக்குப் பின்னால்தான். எழுத்தாளர்களின் நல்ல காலம், அவர் புத்தகத்தில் ஒரேயொரு விஷயத்தைத்தான் சோதிப்பார். நிலவு சரியா, பிழையா?

பறுவம் என்றால் எங்கள் ஆட்களின் பேச்சில் பௌர்ணமி. பறுவம் அண்ணை மன்னாரில் கடற்தொழில் செய்தவர். மீனுக்கு வலை தெரிகிற நாள், தெரியாத நாள், நீர் ஏறும் நேரம், வற்றும் நேரம் எல்லாவற்றையும் நிலவை வைத்தே கணக்குப் பார்த்தவர். முப்பது வருடமாக மீனை ஐஸ் பெட்டியில்தான் காண்கிறார், ஆனால் கணக்கை விடவில்லை. இன்றைக்கு என்ன திகதி என்று கேட்டால் ஏழாம் பிறை என்பார். அந்தத் திகதியை எழுதிச் சம்பளப் பத்திரம் நிரப்பிக் குசினி மனேஜரிடம் ஏச்சு வாங்கியதாகவும் ஒரு கதை உண்டு. நான் விசாரித்தேன், உண்மைதான்.

எங்கள் மாதா கோயில் பேஸ்மென்றில் ஒரு வாசிகசாலை நடத்தினோம். ஊரிலிருந்து சூட்கேசில் வந்த புத்தகங்களைச் சனம் கொண்டுவந்து தள்ளித் தள்ளி, அறுநூறு வரையில் சேர்ந்துவிட்டது. மூன்று அலுமாரி, அதைப் பராமரிக்கப் பதினொரு பேர் கமிட்டி. தலைவர் நகரத்து ஓரம் இல்-பிசாரில் தனிவீட்டுக்காரர். பஸ் குறைவான இடம் என்பதால் அவர் கார் எடுக்கும் நாளில்தான் கூட்டம். செயலாளர் அடியேன். பறுவம் அண்ணை கமிட்டியில் இல்லை. அவரைச் சேர்ப்போமா என்று ஒருவர் ஒருமுறை கேட்டார். மீன் மணக்கும் என்று இன்னொருவர் சொன்னார், விஷயம் அதோடு முடிந்தது.

அண்ணை கிழமைக்கு நாலு புத்தகம் எடுப்பார். பச்சை லைன் மெட்ரோவில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாசிப்பார். சட்டைப்பையில் ஒரு கட்டைப் பென்சில். நிலவு வரும் பக்கமெல்லாம் ஓரத்தில் தீர்ப்பு விழும். கடைசிப் பக்கத்தில் மொத்தத் தீர்ப்பு: சரி, பிழை, அல்லது நிலவு இல்லை.

காதல் நாவல் ஒன்றில் கதாநாயகியைப் பெண்பார்த்த அன்று பூரண நிலவு, பதினொரு நாள் கழித்துத் தாலி கட்டின அன்றும் பூரண நிலவு. ஓரத்தில் பென்சில்: "கலியாணத்தைப் பதினெட்டு நாள் பின்போடவும்." சின்னப்பிள்ளைகளின் படப்புத்தகத்தில் பிறையின் வளைவுக்குள்ளே ஒரு நட்சத்திரம் கீறியிருந்தார்கள். பிறையின் இருட்டுப் பக்கமும் நிலவுதானே, அதை ஊடுருவிக்கொண்டு நட்சத்திரம் எப்படித் தெரியும் என்று, பிள்ளைகளுக்கும் விளங்கட்டும் என்பதற்காகப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். சமையல் புத்தகத்தையும் விடவில்லை. கொழுக்கட்டையைப் பிறை வடிவில் மடிக்கவும் என்று இருந்த இடத்தில் "வளர்பிறையோ, தேய்பிறையோ?" என்று ஒரு கேள்வி.

துப்பறியும் நாவல்தான் உச்சம். முப்பதாம் பக்கத்தில் அமாவாசை விரதம் வருகிறது. அதற்கு இரண்டாம் நாள், நள்ளிரவில் கொலைகாரனின் முகத்தை நிலவொளியில் கண்டதாக ஒருவன் சாட்சி சொல்கிறான். அண்ணை அதோடு வழக்கை முடித்துவிட்டார். அன்றைக்கு அந்த நேரம் நிலவே இல்லை, ஆகவே சாட்சிக்காரன் பொய்யன், ஆகவே அவன்தான் கொலைகாரன். நாவலின் முடிவில் துப்பறிபவர் கணக்குப்பிள்ளையைக் கைது செய்கிறார். கடைசிப் பக்கத்தில் அண்ணை எழுதியது: "பிழையான ஆளைப் பிடிச்சுப்போட்டாங்கள்." அந்தக் கணக்குப்பிள்ளைக்காக அவர் பல நாள் கவலைப்பட்டார்.

இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த நான் ஒரு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டேன். பத்திரிகைகளில் நல்ல வார்த்தை எழுதினார்கள். தலைவர் பொன்னாடை போர்த்தினார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அண்ணை என்னைப் படிக்கட்டில் மறித்தார். என் கதையில் காதலர் இருவர் நடுச்சாமத்தில் கடற்கரையில் மூன்றாம் பிறை எழுவதைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார்கள்.

"தம்பி, மூண்டாம் பிறை பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தில மேற்கால இறங்கிப் போயிடும். உம்மட ஆக்கள் நடுச்சாமத்தில கண்டது ஆரின்ரையோ டோர்ச் லைற்றாக்கும்."

சுற்றி நின்ற சனம் சிரித்தது. எனக்கு முகம் சிவந்துபோனது. இலக்கியத்தில் அது ஒரு குறியீடு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். குறியீடு எந்தப் பக்கத்தால் எழும்பும் என்று அவர் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நானாவது தப்பினேன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கவிஞர் இருந்தார். "அமாவாசை நிலவே, ஏன் சிரிக்கிறாய்" என்று தொடங்கும் கவிதை எழுதியவர். அண்ணை தன் ஓய்வுநாளில், மார்கழிப் பனிக்குள், மெட்ரோவும் பஸ்ஸும் மாறி மாறி ஏறித் மொன்றியல் தீவின் அந்தக் கடைசித் தொங்கலுக்குப் போய், கதவைத் தட்டி, அமாவாசையன்று நிலவு வராது என்று சொல்லி, அவர்கள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். கவிஞர் அதற்குப் பிறகு சூரியனைப் பற்றி மட்டுமே எழுதினார். அண்ணைக்கு அதில் மனவருத்தம் இல்லை. சூரியனைப் பற்றித் தனக்கு அவ்வளவு தெரியாது, எழுதட்டும் என்றார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். கடலில் நிலவைப் பிழையாக எண்ணினால் வெறுங்கையோடு வரவேண்டும், சிலவேளை வரவே மாட்டாய் என்றார். அதைச் சிரிக்காமல் சொன்னார்.

போன வருடம் பேஸ்மென்ற் கையை விட்டுப் போனது. அந்த இடம் பிள்ளைகள் பராமரிப்புக்குத் தேவை, மாத முடிவில் அலுமாரிகளை எடுங்கள் என்று கோயில்காரர் அறிவித்தார்கள். அறுநூறு புத்தகத்தையும் யார் வீட்டில் வைப்பது? தலைவருக்கு வீடு பெரிதுதான், ஆனால் புத்தகத்தால் அவருக்குத் தும்மல் வருமாம். எங்கள் பகுதிப் பொது நூலகத்தைக் கேட்டோம். தமிழுக்கென்று புத்தகம் அடுக்க றாக்கைகள் தர விருப்பம், ஆனால் எழுதிக் கிறுக்கிய புத்தகம் எடுக்க மாட்டோம், ஒவ்வொன்றும் என்ன புத்தகம், யாருக்கு ஏற்றது என்று ஆள் வந்து சொல்லவும் வேண்டும் என்று பதில் வந்தது. அவர்கள் எடுக்காவிட்டால் எல்லாம் பழைய பேப்பர் லொறியில்தான்.

பென்சில் விஷயத்தை அவரிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிய சண்டை வரும் என்று நினைத்துப் போனேன். அண்ணை சட்டைப்பையைத் தடவிப் பென்சிலை வெளியே எடுத்தார்.

"எல்லாத்தையும் அழிக்கோணுமோ?"

"ஓம் அண்ணை."

"சரி. எனக்கு எல்லாம் மனப்பாடம்தானே."

அடுத்த நாளே ஒரு பெட்டி அழிறப்பரோடு வந்தார். இரண்டு கிழமை, வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு நாளும் பேஸ்மென்றில் இருந்து, புத்தகம் புத்தகமாக, பக்கம் பக்கமாக அழித்தார். தாள் கிழியாமல் அவ்வளவு மெதுவாக. உதவி செய்யவா என்று கேட்டேன், உங்களுக்கு இடம் தெரியாது என்றார். என் புத்தகத்தையும் அழித்தார். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒரு வான் வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போனோம். தூக்கி இறக்க அண்ணையும் வந்தார். உள்ளே தலைவரும் நானும். நூலக அம்மையார் மரியாதையான மனுஷி, பொன்ஜூர் சொல்லி உட்காரவைத்துக் கணினியைத் திறந்தார். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து இது என்ன என்று கேட்டார். தலைவர் கண்ணாடியைச் சரிசெய்து, நாவல் என்றார். அடுத்தது? அதுவும் நாவல். மூன்றாவது? நல்ல நாவல். நாலாவதை அம்மையார் விரித்தார், உள்ளே கொழுக்கட்டைப் படம். தலைவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பதினொரு பேரில் ஒருவரும் அந்த அலுமாரிகளில் இருபது புத்தகத்துக்கு மேல் திறந்து பார்த்ததில்லை. அம்மையார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கணினியை மூடப் போனார்.

நான் வெளியே ஓடினேன். அண்ணை வண்டியின் பின்பக்கம் இருந்து பெட்டிகளுக்குக் காவல் இருந்தார்.

"அண்ணை, உள்ளுக்கு வாங்கோ."

"நான் என்னத்துக்கு, தம்பி? மீன் மணக்கும்."

அந்தச் சொல் அவர் காதுக்கும் போயிருந்ததென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அம்மையார் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். அண்ணை அட்டையைப் பார்த்தவுடனேயே சொன்னார். குசினிப் பிரெஞ்சு பாதி, கை பாதி, மிச்சத்தை நான் மொழிபெயர்த்தேன். இது காதல் கதை, நிலவு இரண்டு, ஒன்று பிழை. இது விஞ்ஞானம், நிலவில் வெறும் கல்லும் தூசியும், சரி. இது பஞ்சாங்கம், முழுக்க நிலவு, பிழையே இல்லை. துப்பறியும் நாவல் வந்ததும் தொண்டையில் கையால் ஒரு வெட்டுக் காட்டி, கணக்குப்பிள்ளை நிரபராதி என்பதையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அம்மையார் கணினியில் அதையும் தட்டினார்.

பிறகு ஒரு மெல்லிய, அட்டை கிழிந்த நாவலைத் தூக்கினார். நான் கண்டதேயில்லை. அண்ணை அதைக் கையில் வாங்கினார்.

"இதில நிலவு இல்லை. புருஷன் செத்தாப் பிறகு ஒரு மனுசி தனியக் கடை நடத்துறா. கடைசியில ஆரின்ரையும் உதவி இல்லாமல் மகளைப் படிப்பிச்சு எடுக்கிறா. நல்ல கதை, மூண்டு தரம் வாசிச்சனான்."

இந்த மனுஷன் நிலவை மட்டும் தேடிக் கொத்திக்கொண்டு போகிறார் என்று அத்தனை வருடம் நாங்கள் நக்கலடித்திருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அரைமணித்தியாலம் தருவதாகச் சொன்ன அம்மையார் மத்தியானம் வரைக்கும் எழும்பவில்லை. இடையில் வேறு இரண்டு பேர் வந்து நின்று கேட்டார்கள். ஒரு புத்தகமும் திருப்பி அனுப்பப்படவில்லை, எல்லாவற்றுக்கும் இடம் தருவதாக அம்மையார் சொன்னார்.

அண்ணை மணியைப் பார்த்து, வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி, எல்லாருக்கும் மெர்சி சொல்லி, மெட்ரோவுக்கு நடந்தார். அவர் போவதை அம்மையார் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் யார், பேராசிரியரா என்று கேட்டார். தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"நாங்கள் கமிட்டி, மதாம்," என்றேன். "அவர்தான் எங்கட வாசகர்."

அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கூடித்தான் போனது. நூலகத்தில் சத்தமாகப் பேசக்கூடாது என்று தெரியும்.