அஞ்சு ஹார்ட் கேட்டவர்

"நான் பாஸ் சொன்னது தப்பா? நீ சொல்லு தம்பி," என்று சம்பந்தம் கைபேசியை நீட்டினார்.

அரவிந்தன் இரவு வேலை முடிந்து மாடிப்படியில் கால் வைத்திருந்தான். அவனுக்குத் தேவை படுக்கை. ஆனால் சம்பந்தம் வீட்டுக்காரர். அம்பத்தூரில் இந்த வாடகைக்கு வேறு அறை கிடைக்காது. அறையைக் கொடுத்ததோடு பிரிட்ஜ் சீட்டாட்டமும் சொல்லிக்கொடுத்தவர், மறுக்க முடியவில்லை. அந்த ஆட்டத்தில் அரவிந்தனுக்குப் பிடித்தது ஒன்றுதான்: ஏலத்தில் ஜெயித்த சீட்டுச் சின்னத்தை முதலில் கேட்டவர் ஆடுவார், கூட்டாளி சும்மா இருக்கலாம்.

சம்பந்தமும் மனைவி கமலமும் சனிக்கிழமை ஆன்லைன் போட்டியில் ஜோடி. அணிப் போட்டியில் அதே சீட்டுகளை இன்னொரு மேஜையிலும் ஆடுவார்கள். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் மதிப்பெண். ஏலத்தில் கமலம் நான்கு ஹார்ட் கேட்டாள். எதிராளி நான்கு ஸ்பேட். சம்பந்தம் அதற்கு மேல் கேட்காமல் பாஸ் சொன்னார். மற்ற மேஜையில் சம்பந்தத்தின் சீட்டுகளை வைத்திருந்தவர் ஐந்து ஹார்ட் கேட்டார். அந்த அணி ஜெயித்தது.

"பாஸ்தான் சரி அண்ணே."

"அப்போ அஞ்சு கேட்டிருக்கணும்னு நான் சொல்றது பேத்தலா?" கமலம் கரண்டியோடு வந்தாள். "மாடிக்குத் தண்ணி மோட்டார் போடுறது நானு. ஞாபகம் வெச்சிக்கோ."

"அஞ்சும் கேக்கலாங்க்கா."

"அப்போ நான் பயந்தாங்கொள்ளியா?" என்றார் சம்பந்தம். "அடுத்த மாசம் ரூமைக் காலி பண்ணிக்கோ."

"ரெண்டு பேரும் சரிதான்."

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். "உனக்கு இன்னா தெரியும்?"

அரவிந்தனுக்குக் கண் எரிந்தது. ஜெயித்தது அடுத்த தெரு சித்ராவின் அணி. அவள் கணவன் நிர்மல் வரும்வரை அன்று அவனுடைய டேப்லெட்டில் ஆடியது அரவிந்தன்தான். அதை இங்கே சொல்லவில்லை. முதல் இரண்டு ஆட்டம்தான் நினைவிருந்தது. பிறகு சித்ரா காபியோடு எழுப்பினாள். மீதியை நிர்மல் வந்து ஆடியிருப்பான்.

"கேட்டவரையே கேட்டுடுங்கக்கா. நிர்மல்தானே," என்றான்.

"அந்த மனுசன் காலைக் கழுவி இவரு தண்ணி குடிக்கணும். இன்னா தில்லு!"

"பைத்தியக்காரன். கையில கெடைக்கட்டும்," என்றார் சம்பந்தம்.

கமலம் ஸ்பீக்கரைப் போட்டாள். "சித்ரா, உன் ஊட்டுக்காரரு இன்னா யோசிச்சி அஞ்சு ஹார்ட் கேட்டாரு?"

"அவரு எங்கக்கா வந்தாரு? குமணன்சாவடி டிராபிக்ல மாட்டிக்கினாரு. உங்க மாடி ரூம் தம்பிதான் டேப் மேல தூங்கி விழுந்துச்சி, அதோட மூக்கு போய் அஞ்சு ஹார்ட்ல பட்டுச்சி."