கதவை மறந்த கட்டில்

அளவெடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தனித் திமிர் உண்டு. தையற்காரர், கொத்தனார், பாத்திரத்தைப் பார்த்தே எத்தனை பேருக்குக் காணும் என்று சொல்லிவிடுகிற சமையற்காரர் என எல்லோரிடமும் அது கொஞ்சம் இருக்கும். புதுப்பெண்ணாக ஏற்காட்டுக்கு வந்தபோது என்னிடம் அது கொஞ்சம் அல்ல, நிறையவே இருந்தது. இத்தனைக்கும் நான் அதுவரை அளந்திருந்தது ஜாக்கெட் துணியும் உழக்கு அரிசியும்தான்.

என் கணவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். (அதாவது கணக்கு எழுதுபவர். கதை எழுதுபவர் என்று நினைத்து என் தோழிகள் பொறாமைப்பட்டார்கள். நானும் திருத்தவில்லை.) எங்களுக்குக் கிடைத்த வாடகை வீடு, ஒரு காலத்தில் காப்பி மூட்டை அடுக்கிய குடோன். சாலைக்குக் கீழே, சரிவில் இருந்தது. சாலையிலிருந்து வழுக்குகிற படிகளில் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தால்தான் வாசல். ஒரு பெரிய அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு.

அந்தப் பெரிய அறைக்கு ஐந்து மூலைகள். கூரை ஒரு பக்கம் உயரமாகத் தொடங்கி, இன்னொரு பக்கம் என் தோள் மட்டத்துக்கு இறங்கிவிடும். வாசலுக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, தரையிலிருந்து ஒரு பாறை எழும்பி நிற்கும். கட்டியவர்களுக்கு அதை உடைக்க முடியவில்லை போலும், உள்ளே வைத்தே சுவர் எழுப்பிவிட்டார்கள். (கன்றுக்குட்டி அளவுதான் இருக்கும். ஆனால் காலில் இடித்துக்கொண்டவர்களுக்கு அது யானை.)

முதல் தடவை வந்த என் மாமியார், கூரையில் தலையை இடித்துக்கொண்டு, பாறையில் காலையும் இடித்துக்கொண்டு, அந்தப் பாறை மேலேயே உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்.

“இது ஊடா கண்ணு? மூட்டை போடற எடம். நீயும் என் பையனும் என்ன மூட்டையா?”

வேலையை விட்டுவிட்டு மகன் சேலத்துக்கு வந்து தாய்மாமனின் ஜவுளிக்கடையில் உட்கார வேண்டும் என்பது அவர் திட்டம். கணவருக்கு மலையை விட்டு இறங்க மனமில்லை. எனக்கோ, கேட்க ஆளில்லாமல் நானே ராணியாக இருக்கிற வீட்டை விட மனமில்லை. கடைசியில் அத்தை ஒரு வழிக்கு வந்தார். வெயில் காலத்தில் நாத்தனார் மல்லிகா, அவள் கணவர், குழந்தைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருவார். அத்தனை பேரும் காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் நாங்கள் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நான் சாக்பீஸை எடுத்தேன்.

தரை முழுவதும் கோடு போட்டேன். இங்கே கட்டில், இங்கே அலமாரி, இங்கே ஆள் நடக்கும் வழி என்று உண்மையான அளவிலேயே வரைந்து, கட்டில் ஏற்கெனவே வந்துவிட்ட மாதிரி அந்தக் கோடுகளைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். கணவர் தெரியாமல் கோட்டை மிதித்தால், கட்டில் மேல் ஏன் செருப்போடு ஏறுகிறீர்கள் என்று சண்டைக்குப் போனேன்.

கிளியூரிலிருந்து சின்னசாமி என்ற தச்சர் வந்தார். நான் சொல்வதற்கெல்லாம் “செஞ்சர்லாமுங்க” என்பார். அந்த ஒரு சொல்லாலேயே அவர் பெரிய கலைஞர் என்று எனக்குப் பட்டது. சில்வர் ஓக் பலகையில் வேலை நடந்தது. கூரை தாழ்ந்த பக்கம், நிற்கத்தான் முடியாதே தவிர படுக்கலாம் என்பதால், பாய் விரிக்க விட்டேன். பாறை மேல் ஒரு பலகையைப் பொருத்தினோம், சாப்பாட்டு மேஜை ஆயிற்று. பின்சுவரை ஒட்டிப் படிப்படியாக உயரும் மூடி போட்ட பெட்டிகள்: கீழே குடை, செருப்பு, அதற்கு மேல் மாவு, பருப்பு, அதற்கும் மேல் பாத்திரங்கள். அந்தச் சுவரின் உச்சியில், சாலை மட்டத்தில், ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. அந்தக் காலத்தில் சாலையிலிருந்து அதன் வழியாகத்தான் மூட்டைகளைச் சறுக்கி விடுவார்களாம். கம்பி கிடையாது, மரக்கதவு மட்டும். புழுதிக்குப் பயந்து நாங்கள் அதைத் திறப்பதே இல்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் பெட்டிக்கட்டில். பாறைக்கும் சுவருக்கும் நடுவே கச்சிதமாக உட்காரும். வயிற்றுக்குள் வீட்டின் மொத்தப் படுக்கையும் அடங்கும். அதன் ஒரு முனை மட்டும் வாசலுக்குக் குறுக்கே கொஞ்சம் நீளும். அதையும் யோசித்திருந்தேன். மீதி இடத்தில் ஒரு ஆள் தாராளமாக நுழையலாம். என் அத்தை நுழையலாமா என்றுகூட மனதுக்குள் அளந்து பார்த்திருந்தேன்.

அவர்கள் வரும் நாளன்று சின்னசாமி கட்டிலைப் பொருத்தி முடித்து, அறை நடுவில் விட்டுவிட்டுப் போனார். கணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். நான் மெத்தை, தலையணை எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினேன். பனிமூட்டம் வீட்டுக்குள் வரவே, படுக்கை நமுத்துப்போகும் என்று கதவைச் சாத்தினேன். பிறகு தரையில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, கட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளினேன். அது வழுக்கிக்கொண்டு போய், அதன் கால் பாறையின் விளிம்பைத் தாண்டி இறங்கி, ‘டொக்’ என்று இடத்தில் உட்கார்ந்தது. இடைவெளியில் ஒரு விரல் நுழையாது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் ரசித்தேன்.

கதவு தட்டப்பட்டது. தாழ்ப்பாளை நீக்கி இழுத்தேன். கதவு கட்டைவிரல் அளவு திறந்து, கட்டிலில் முட்டி நின்றது.

தரையில் கட்டிலை வரைந்திருந்தேன், பாறையை வரைந்திருந்தேன், நடக்கும் ஆளைக்கூட வரைந்திருந்தேன். கதவை வரையவில்லை. அது உள்பக்கமாகத் திறக்கும் கதவு.

கட்டிலை இழுத்தேன். சோப்புத் தரையில் நான்தான் நகர்ந்தேன், அது நகரவில்லை. இடுக்கு வழியாக, ஈரத்தில் கதவு உப்பிவிட்டது என்று ஒரு பொய் சொன்னேன். உடனே மல்லிகாவின் கணவர், நல்ல கனத்த உடம்பு, தோளால் ஓங்கி இடித்தார். கட்டில் இன்னும் இறுகியது. மழை வேறு பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். வெளியிலிருந்து அத்தையின் குரல், கோபமே இல்லாமல் வந்தது.

“மாமியாளை வெளிய நிறுத்தற மருமகளைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன் கண்ணு. அதுக்குன்னு கட்டில் செஞ்சு போட்டவளை இப்பத்தான் பாக்கறேன்.”

சமையலறைக்குள் ஒளிந்துகொள்ளலாமா என்று திரும்பினேன். எதிரே என் பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஜன்னல் வரை ஏறிக்கொண்டிருந்தன. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. மடமடவென்று ஏறினேன். ஜன்னலைத் திறந்து, எல்லோரும் மறுபடி சாலைக்கு வாருங்கள் என்று கத்தினேன்.

மூட்டுவலிக்கார அத்தை, முனகிக்கொண்டே இறங்கிய படிகளில் முனகிக்கொண்டே ஏறினார். அதற்குள் சாலையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பலாப்பழக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருவர் குடை பிடித்தார். அத்தை ஜன்னலில் உட்கார்ந்து, காலை உள்ளே போட்டு, மேல் பெட்டியில் ஊன்றினார். பலகை முனகக்கூட இல்லை. அடுத்த பெட்டி, அதற்கடுத்தது என்று, சப்பரத்திலிருந்து சாமி இறங்குவதுபோல நிதானமாகத் தரைக்கு வந்து சேர்ந்தார். குழந்தைகள் இறங்கியதும் மறுபடி ஏறி ஓடினார்கள், இன்னொரு தடவை இறங்குவதற்காக. மல்லிகாவின் கணவர் மட்டும் மூடியின் ஓரத்தை மிதித்து, முழங்கால் வரை அரிசிமாவுக்குள் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் ஆட்சி. பாறை மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டோம். கட்டிலின் வயிற்றிலிருந்து படுக்கைகள் வந்துகொண்டே இருந்தன. தாழ்ந்த கூரைக்கடியில் வரிசையாகப் படுத்து, அத்தனை பேரும் காலை நீட்டினார்கள். மல்லிகாவின் கணவர் குறுக்கே நீட்டியும் இடம் மிச்சம் இருந்தது.

மறுநாள் சின்னசாமி வந்து கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்டினார். அத்தை ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தார், மூடினார். கடைசியில் பெட்டிப்படிகளில் ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஊடு நொம்ப வசதியா இருக்குது கண்ணு. இந்த ஜன்னலையே வாசலாக்கச் சொல்லு. என்ற முட்டிக்கு இதுதான் சுளுவு. அப்பறம், சேலத்து ஊட்டுல மாடிப்படிக்கு அடியில ஒரு மூலை சும்மா கெடக்குது. வந்து என்ன பண்றதுன்னு பாத்துச் சொல்லு.”

ஜவுளிக்கடைப் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. வீட்டுக்காரரிடம் பேசி ஜன்னலை வாசலாக்கியவரும் அவர்தான். சேலத்து மூலைக்குப் பிறகு ஆத்தூர் சித்தப்பா வீட்டுச் சமையல்கட்டு, மல்லிகா வீட்டுப் பரண் என்று எங்கள் சொந்தத்தில் கோணல்மாணலான இடம் எங்கிருந்தாலும் எனக்கு அழைப்பு வந்தது. போனதும் முதலில் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சட்டை செய்வதில்லை.

ஆனால் மல்லிகாவின் வாயை மட்டும் என்னால் அடைக்க முடியவில்லை. போன வருஷம் என் மருமகள் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது, ஆரத்தித் தட்டோடு நின்ற மல்லிகா, வலது காலை எடுத்து வைத்து வரச் சொன்னாள். அந்தப் பெண் காலைத் தூக்கியதும், முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள்:

“கதவு வழியா வர்றயா சாமி, இல்ல உங்க மாமியா பழக்கப்படி ஜன்னலைத் தொறக்கட்டுமா?”