நூற்றுப் பதினேழு திரைச்சீலைக் கம்பிகள்

கோல்டர் க்ரீக், மான்டானா
14 செப்டம்பர் 2011

அன்புக்கும் ஓரளவு மரியாதைக்கும் உரிய கொழுந்தன் டெல்மர் ஸ்காருக்கு, அண்ணி வெர்னா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பூனையும் சுகம். அங்கே நீயும் ட்வைலாவும் சுகமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உன் முழங்காலில் வைத்த புது மூட்டு ஒழுங்காக மடங்குகிறது என்று ட்வைலா தொலைபேசியில் சொன்னாள். மிக்க மகிழ்ச்சி. நாக்குக்கும் அப்படி எதையாவது வைக்கிற மருத்துவர் பில்லிங்ஸில் இருக்கிறாரா என்று விசாரித்து வை. மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

மார்ச் மாதம் உன் அண்ணன் ஓர்லினை அடக்கம் செய்துவிட்டு வந்து, தேவாலயத்துக் கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ தட்டு நிறையப் பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் குவித்துக்கொண்டு, ஊரே திரும்பிப் பார்க்கும்படி, "பாவம் அண்ணி, துப்பாக்கியில எந்த முனையைப் புடிக்கிறதுன்னே அவங்களுக்குத் தெரியாது. ஓர்லின் சேத்து வச்சது அத்தனையும் துருப்பிடிச்சுப் போகப் போவுது. நானே ஒரு ஆளைப் புடிச்சு மொத்தமா அள்ளிக்கிட்டுப் போகச் சொல்றேன்" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. காரணம் துக்கம் என்று நீ நினைத்திருப்பாய். வாய் நிறையக் கேக் இருந்தது, அதுதான் காரணம். முப்பத்தோரு வருஷம் இந்த மாவட்ட நூலகத்தைக் கட்டி ஆண்டவள் நான். பதினெட்டாயிரம் புத்தகத்தில் எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படிப்பட்டவளைப் பார்த்து, எந்த முனை என்று தெரியாது என்றாயே! அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டேன். உன் அண்ணன் விட்டுப்போன துப்பாக்கி ஒவ்வொன்றையும் எடுத்து, துடைத்து, எண் போட்டு, அட்டை எழுதி, அடுக்கிவைத்துவிட்டுத்தான் உனக்குக் கடிதம் எழுதுவது என்று. இதோ எழுதிவிட்டேன். எண்ணிக்கொள்: நூற்றுப் பதினேழு.

இத்தனை எப்படி வந்தன என்று கேட்கிறாயா? கல்யாணமான நாற்பத்து நான்கு வருஷமும் உன் அண்ணன் எந்த ஏலத்துக்குப் போனாலும், போர்வையில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வருவார். "என்ன அது?" என்பேன். "திரைச்சீலைக் கம்பி" என்பார். "எந்த ஜன்னலுக்கு?" என்பேன். "இனிமே வைக்கப்போற ஜன்னலுக்கு" என்பார். இந்த வீட்டில் மொத்தம் ஒன்பது ஜன்னல்தான். எனக்குத் தெரியாமல் இல்லை. நானும்தான் புதுப் புத்தகம் வாங்கி வந்து "நூலகத்தில் கழித்துப் போட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அவரும் துருவிக் கேட்டதில்லை. ஆனால் இத்தனை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பீச் பழ ஜாடிகளுக்குப் பின்னால் ஒன்பது. யாரும் குளிக்காத பின்பக்கக் குளியலறையில் இருபத்தாறு, வரிசையாக, குளிக்கக் காத்திருக்கிற ஆட்கள் மாதிரி. தானியக் கொட்டகையில் பதினான்கு. என் பியானோவுக்குள் ஒன்று.

முதலில் எதையும் தொடவில்லை, டெல்மர். இதை நன்றாகக் கேட்டுக்கொள். மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரீஃபிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற க்ளைட் நோர்டாலை வரவழைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "வெர்னா, நீ தள்ளி நில்லு. எல்லாத்திலயும் தோட்டா இருக்குன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நான் தொடுவேன்" என்றார். இரண்டு நாள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மூன்றில் தோட்டா இருந்தது. அதில் ஒன்று பியானோவில் இருந்தது. பன்னிரண்டு கிறிஸ்துமஸுக்கு அதன் முன்னால் உட்கார்ந்து நான் அழுத்தி அழுத்திப் பாட்டு வாசித்திருக்கிறேன். தோட்டாக்கள் எல்லாம் இப்போது மாடியில் தனி அலமாரியில், தனிப் பூட்டில் இருக்கின்றன. சாவி என் கழுத்தில்.

இரண்டாம் நாள் சாயங்காலம் க்ளைட் ஒரு பழைய ரைஃபிளின், தோளில் வைக்கிற மரக்கட்டையின் அடியில் இருந்த இரும்புத் தகட்டைத் திருகிக் கழற்றினார், உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்க. மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. உன் அண்ணன் கையெழுத்து. "அக்டோபர் 1969. லூயிஸ்டவுன் ஏலம். பெரிய மானுக்கு ஆகும். விசை கொஞ்சம் கடினம். வெர்னாவிடம் சொன்னது: திரைச்சீலைக் கம்பி." அடுத்ததைக் கழற்றினோம். அதிலும் ஒரு காகிதம். "வெர்னாவிடம் சொன்னது: சினேகிதனுடையது, பத்திரமாக வைக்கச் சொன்னான்." இன்னொன்றில், "வெர்னாவிடம் சொன்னது: ஒன்றும் சொல்லவில்லை, நல்லவேளை தூங்கிவிட்டாள்." நூற்றுப் பதினேழில் நூற்றொன்பதுக்குக் காகிதம் இருந்தது, டெல்மர். எங்கே வாங்கியது, யாரிடம், என்ன குறை, எனக்கு என்ன பொய் சொன்னது, எல்லாம் தேதியோடு. குடியானவன், ரசீது எங்கே வைத்தோம் என்று தெரியாத மனிதன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நூலகம் வைத்து நடத்தியவள் நான் ஒருத்திதான் என்று இறுமாந்திருந்தேன். க்ளைட் காகிதத்தைப் படித்துவிட்டு, "இந்த ஆளு எங்க ஆபீஸ்ல இருந்திருந்தா பாதிக் கேஸு தோத்திருக்காது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழவில்லை. பூனை முடி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

பிறகு அடுக்குவது. முதலில் செய்தவர் பெயர்ப்படி அடுக்கினேன். பாதிக்குப் பெயர் தேய்ந்துவிட்டது. அடுத்து உயரப்படி அடுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது, தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. புத்தகத்தை உயரப்படி அடுக்கிய ஓர் உதவியாளரை நான் ஒரு காலத்தில் அழவைத்திருக்கிறேன், எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கடைசியில் வேலைப்படி பிரித்தேன்: மானுக்கு, எல்க் என்கிற பெரிய மலைமானுக்கு, பறவைக்கு, தோட்டத்தைத் தோண்டுகிற அணில்களுக்கு, போருக்குப் போய் வந்தவை, சும்மா பார்த்துக்கொண்டிருக்க. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. எண், குழலின் நீளம், ஆலை அடித்த இலக்கம், வந்த வழி, குறை, கடைசியாக எண்ணெய் போட்ட தேதி. கீழே ஒரு கட்டம்: "வெர்னாவிடம் சொன்னது." பிரதியும் படங்களும் வங்கி லாக்கரில் இருக்கின்றன. எந்த நூலகத்திலும் இப்படி ஒரு அட்டைப் பட்டியல் இல்லை என்று நான் பெருமையாகச் சொல்வேன், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

துப்பாக்கிகளைப் பூட்டிவைக்க வாங்கிய பெட்டகம் வந்த கதையை ட்வைலாவுக்கு வாசித்துக் காட்டு, அவள் சிரிக்கட்டும். நானூறு கிலோ இரும்பு. கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். நிலவறைக்கு இறங்குகிற படி திரும்புகிற இடத்தில் பெட்டகம் சிக்கிக்கொண்டது, மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கீழ்ப்பக்கம் தாங்கியிருந்த டேரல் நிலவறைக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டார். ஜன்னல் இருக்கிறது, அவர் வயிறும் இருக்கிறது, இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. தச்சர் வந்து கைப்பிடிச் சுவரை அறுக்க ஐந்து மணி நேரம் ஆனது. அதுவரை நானும் பக்கத்து வீட்டுப் பெர்னடெட்டும் ஜன்னல் வழியாகக் காபியும் கோழி நூடுல்ஸும் இறக்கிக்கொண்டிருந்தோம். "இன்னும் ஏதாவது வேணுமா டேரல்?" என்று பெர்னடெட் கேட்டால், "அந்த வறுத்த வெங்காயம் மேல போட்டீங்களே, அது இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" என்று சத்தம் வரும். பொழுது போகாமல் அங்கே துணி உலர்த்தும் இயந்திரத்தில் கிடந்த என் துணிகளை எல்லாம் மடித்து வைத்திருந்தார். உள்ளாடை உட்பட. நல்ல மடிப்பு. ஆனால் தேவாலயத்தில் அவரைப் பார்த்தால் நான் இப்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

பெட்டகத்தைத் தரையோடு திருகிப் பூட்டியதும், உன் அண்ணன் வாங்கி வைத்திருந்த பஞ்சு வைத்த உறைகளைத் திறந்தேன். உள்ளே வைத்திருந்தவற்றில்தான் துரு! வெளியே குளியலறையில் நின்றவை பளபளவென்று இருக்கின்றன, பாதுகாப்பாகப் பூட்டிவைத்தவை ஈரம் குடித்துப் போயிருந்தன. உறைகளை எல்லாம் தூக்கி எறிந்தேன். ஈரம் உறிஞ்சுகிற இயந்திரம் ஒன்று வாங்கி வைத்தேன். அதன் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பூனை நனைந்த காலோடு மேலே வந்து என் மடியில் ஏறி எனக்குத் தகவல் சொன்னது.

துரு துடைத்த இருபத்திரண்டுக்கு எண்ணெய் போட்டு, சாப்பாட்டு மேஜையில் துணி விரித்துக் கிடத்தியிருந்த அன்று வியாழக்கிழமை என்பதை மறந்துவிட்டேன். வாராவாரம் இங்கே கூடி மெத்தைவிரிப்புத் தைக்கிற பெண்கள் ஆறு பேரும் ஊசிநூலோடு வந்து நின்றார்கள். எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். போதகரின் மனைவி இங்க்ரிட்தான், "வெர்னா, யார் மேலயாவது கோவமா இருக்கியா?" என்று கேட்டாள். "கொழுந்தன் மேல" என்றேன். "அப்ப சரி" என்று உட்கார்ந்துவிட்டாள். மெத்தைவிரிப்பு அன்றைக்குத் தைக்கவில்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் பின்னிய பட்டைத் துணி தைத்தார்கள், நான்கு வியாழக்கிழமை, நூற்றுப் பதினேழு பட்டை. பூ வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "எண் மட்டும் போட்டா மொட்டையா இருக்கு" என்றாள் இங்க்ரிட். ஆகவே இரண்டு உலகப்போர் பார்த்த முப்பதாம் எண் ரைஃபிளின் கழுத்தில் இப்போது ஒரு மஞ்சள் டெய்சி தொங்குகிறது.

இந்த நிலையில்தான், போன செவ்வாய்க்கிழமை, என்னைக் கேட்காமல் நீ அனுப்பிய துப்பாக்கி வியாபாரி ராய்ஸ் டாக்கெட் வந்து நின்றார். ஒரு கையில் சர்க்கரை தூவிய டோநட். "டெல்மர் அனுப்புனாரும்மா. மொத்தமா பாத்து, ஒரு வெலை போட்டு எடுத்துக்கச் சொன்னாரு. உங்களுக்கு எதுக்கு இந்தத் தொந்தரவு?" என்றார். கீழே அழைத்துப்போனேன். பெட்டகத்தைத் திறந்ததும் டெய்சியைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன். அறுபத்திரண்டாம் எண்ணை எடுத்தார். "ஐயோ, இதுல கட்டையை மாத்தியிருக்காங்களே. வெறும் இரும்பு வெலைதான் போகும். போனாப் போகுது, உங்களுக்காக எடுத்துக்கறேன்."

"கீழ வைங்க" என்றேன். நூலகத்தில் பேசுகிற குரல்தான், இரையவில்லை. ஆனாலும் வைத்துவிட்டார். "முதல்ல கையைக் கழுவுங்க. அப்புறம் இந்தக் கையுறையைப் போடுங்க. உங்க விரல் சர்க்கரை இப்ப அந்தக் குழல்ல இருக்கு." கழுவிக்கொண்டு வந்தார். அட்டையை எடுத்து வாசித்தேன். "அறுபத்திரண்டு. எல்க்குக்கு. ஆலைப் பதிவேடு வச்சிருக்கிற அருங்காட்சியகத்துக்கு இலக்கத்தை எழுதிக் கேட்டேன். இதே வால்நட் கட்டையோடதான் ஆலையை விட்டு வந்ததுன்னு அவங்க எழுதின கடிதம் பின்னால இருக்கு. படிக்கறீங்களா, நானே படிக்கட்டுமா?" டாக்கெட் தொப்பியைக் கழற்றினார். அடுத்து எழுபதைத் தொட்டார். "இது பரவால்ல போலிருக்கு" என்றார். "பரவாயில்லைன்னு சொல்ல முடியாது. குழல் உட்புறம் குழிவிழுந்திருக்கு. என் வீட்டுக்காரருக்கே தெரியும், எழுதி வச்சிருக்கார்" என்றேன். ஒன்றரை மணி நேரம், டெல்மர்! ஒன்றிலும் என்னை அசைக்க முடியவில்லை. கடைசியில் படியில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, என் கடையில நானூறு கெடக்கு. எது எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. வந்து அட்டை எழுதித் தர்றீங்களா?" என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. உன்னைவிட, உன் அண்ணன் இல்லையே என்று.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். இந்த வீட்டிலிருந்து ஒன்றும் வெளியே போகாது. ஒன்றும் உள்ளேயும் வராது. தொகுப்பு முற்றுப்பெற்றது, அட்டைப் பட்டியலை மூடியாகிவிட்டது. உன் அண்ணனுக்கு இருந்த ஏலப் பைத்தியம் அவரோடு போயிற்று. எனக்கு அந்த வியாதி கிடையாது.

ட்வைலாவுக்கு என் முத்தங்கள். உன் முழங்கால் எல்க் வேட்டைக் காலத்துக்குள் மலை ஏறட்டும், உன் குறி இந்த வருஷமாவது மரத்தில் படாமல் இருக்கட்டும், உங்கள் இருவர் மேலும் கடவுளின் கருணை குறையாமல் இறங்கட்டும். வழக்கம்போல் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இங்கேதான் வரவேண்டும். விருந்தினர் அறையைத் தயாராக வைத்திருக்கிறேன், புதுப் படுக்கை விரிப்பும் வாங்கிவிட்டேன்.

கோபம் பாதி தணிந்த உன் அண்ணி,
வெர்னா ஸ்கார்
ஓய்வு பெற்ற நூலகர். நடப்பு துப்பாக்கிப் பொறுப்பாளர்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நாற்பத்தொன்றாம் எண்ணின் காகிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "ஜோடியில் ஒன்று. மற்றதை விட்டுவிட்டு வந்தேன். வெர்னாவிடம் சொல்ல இரண்டாவது பொய் கிடைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். இரண்டு பாகப் புத்தகத்தில் ஒரு பாகத்தை மட்டும் தட்டில் வைத்துக்கொண்டு ஒரு நூலகர் எப்படித் தூங்குவாள்? ஜோடியின் இலக்கத்தைச் சொல்லித் தேடிப் பார்க்கும்படி டாக்கெட்டுக்குப் போன் செய்தேன். அது அவர் கடையில்தான் கிடக்கிறதாம். நேற்றுப் போய் வாங்கி வந்துவிட்டேன். அட்டை எழுதியாயிற்று, கடைசிக் கட்டத்தில் மட்டும் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருக்கிறேன். போனது போனோம் என்று அங்கேயே இன்னும் மூன்று எடுத்தேன். சனிக்கிழமை லூயிஸ்டவுனில் ஏலம், க்ளைட் அழைத்துப்போகிறார். இரண்டாவது பெட்டகம் வியாழக்கிழமை வருகிறது. இந்தத் தடவை படி இறக்குவதாக இல்லை, விருந்தினர் அறையில்தான் வைக்கப்போகிறேன். ஊர் முனையில் இருக்கிற மோட்டலில் அறை சுத்தமாக இருக்கும் என்று பெர்னடெட் சொல்கிறாள். கிறிஸ்துமஸுக்கு இப்போதே சொல்லி வைத்துவிடு.