யார் மாமி?

மாடிப்படியில் நின்று கேக் பெட்டியைத் திறந்து பார்த்தான் புதிர்க்காரன். ஸ்கூட்டரில் போட்ட ஒரே ஒரு பிரேக்கில், 'மாமியார்' என்று வரிசையாக நின்ற சாக்லேட் எழுத்துகள் அத்தனையும் மூலையில் போய்க் குவிந்திருந்தன.

வார இதழ் ஒன்றுக்கு எழுத்துப் புதிர் போடுவது அவன் பிழைப்பு. அந்தப் பிழைப்பு பிடிக்காததால்தான் மனைவியின் அம்மா கல்யாணத்துக்கே வரவில்லை. அவர் முகத்தை இவன் புகைப்படத்தில்கூடப் பார்த்ததில்லை. இன்று பிறந்தநாள் என்று மனமிரங்கிக் கூப்பிட்டிருந்தார். மனைவி வேலையிலிருந்து நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

மாடிப்படியிலேயே உட்கார்ந்து அவசர அவசரமாக எழுத்துகளை ஒட்டிவிட்டு, மணியை அழுத்தினான்.

"வணக்கம் அத்தை. பிறந்தநாள் வாழ்த்துகள்."

கதவைத் திறந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "வாங்க மாப்பிள்ளை" என்றார்.

உள்ளே ஒருவர் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்திருந்தார். மாமனார் அதிகம் பேசமாட்டார் என்று மனைவி சொன்னது சரிதான்.

அம்மாள் பெட்டியைத் திறந்தார்.

"'யார் மாமி'ன்னு போட்டிருக்கு. யாருன்னு தெரியாமலா வந்தீங்க?"

எட்டிப் பார்த்தான். தொழில் பழக்கத்தில் கை தன் வேலையைக் காட்டியிருந்தது.

"இது ஒரு கலை அத்தை. அனகிராம்னு பேரு. எழுத்தை மாத்தி எழுதறதுன்னு அர்த்தம். பழைய கிரேக்கத்துல ஒரு புலவர், ராஜா பேரைக் கலைச்சுப் போட்டு, 'தேன்லேர்ந்து வந்தவர்'னு புகழ்ந்தாராம்."

"ராஜாவுக்குத் தேன். எனக்கு மட்டும் யாரா?"

"உங்களை மட்டும் இல்ல அத்தை. நகரத்தை மாத்தினா நரகம். தவத்தை மாத்தினா வதம்."

"ஓஹோ. மனைவியை மாத்தினா?"

"வினை வரும். ம மிஞ்சும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அம்மாளின் புருவம் நெற்றி வரை போய்விட்டது.

"மருமகனைக் கலைச்சாலும் 'மகன், மரு'ன்னுதான் வரும் அத்தை" என்று அவசரமாகச் சேர்த்தான்.

"மருன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நல்லது."

எழுத்துகளையாவது சரி செய்யலாம் என்று கேக்கில் கை வைத்தான். மி இரண்டாக உடைந்தது. ர் மேலிருந்த புள்ளி கிரீமுக்குள் முங்கிப் போனது.

"கையை எடுங்க" என்று அம்மாள் கத்தியைக் கொண்டுவந்து, ஒரு பெரிய துண்டு வெட்டிச் சாப்பிட ஆரம்பித்தார்.

"மன்னிச்சுடுங்க அத்தை."

"காதுல விழல."

"தெரியாம பண்ணிட்டேன். மன்னிச்சுடுங்க."

"இனிமே வீட்டுல பாத்திரம் யாரு தேய்க்கறது?"

"நான்தான்."

"மாமியார் பேச்சுக்கு மறுபேச்சு?"

"பேசவே மாட்டேன்."

"இன்னொரு தடவை, முழுசா, மெதுவா மன்னிப்பு கேளுங்க."

கேட்டான். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கச்சேரி கேட்பதைப் போலக் கேட்டார். கேக்கில் பாதி காணாமல் போயிருந்தது.

செய்தித்தாள் மெல்ல இறங்கியது.

"தம்பி, நீங்க தேடி வந்த வீடு மேல் மாடியில இருக்கும். எங்களுக்கு ரெண்டும் ஆம்பளப் பசங்க. ஒரு மாப்பிள்ளை வந்து மன்னிப்பு கேக்கணும்னு இவளுக்கு ரொம்ப நாள் ஆசை."