மூப்பர் வைத்த மருந்துத் தண்ணீர்

"ஞாயிறுக்குள்ளை இன்னும் ஒராளுக்கு வயித்தோட்டம் வந்தாலும் பெருநாள் இல்லை."

சொல்லிவிட்டு, சுகாதாரப் பரிசோதகர் கைலாசநாதன் பெரிய போத்தல் ஒன்றைக் கோயில் மூப்பர் பஸ்ரியாம்பிள்ளையிடம் நீட்டினார். "கிருமி மருந்து. தண்ணியிலை கலந்து கோயில் வாசலிலை வையும். எல்லாரும் கை கழுவட்டும்."

பதினொரு வருஷம் காத்திருந்து, பெருநாள் நடத்தும் முறை இந்த வருஷம்தான் மூப்பருக்கு வந்திருந்தது. பாழ்பட்ட வயிற்றோட்டமும் இந்த வருஷம்தான் வரவேண்டுமா?

செவ்வாய் காலை, மருந்து கலந்த தண்ணீரை அகலமான பேசினில் வாசலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். பூசைக்கு வந்த சனம் விரல் நுனியைத் தோய்த்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனது. கோயில் வாசலில் தண்ணீரைக் கண்டால் வேறென்ன செய்யும்? பூசை முழுக்க ஆசுப்பத்திரி மணம்.

"இதென்ன தீர்த்தம், கண்ணெல்லாம் எரியுது!" என்றார் பூசை முடிந்து வந்த யாக்கோப்பு.

"தீர்த்தமில்லை காணும், மருந்து!"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். புதன் காலை மருந்தைக் கலந்து வைத்துவிட்டு வள்ளத்தடிக்குப் போனவர், பின்னேரம் வந்து பார்த்தால் பேசின் வெறுமை.

"போத்தலிலை கொண்டுபோனனாங்கள்," என்றார் யாக்கோப்பு. "வயித்துக்கு மருந்தெல்லே? வீட்டிலை எல்லாரும் குடிச்சாச்சு."

"ஐயோ, குடிச்சனீங்களோ!"

நஞ்சு என்று சொன்னால் ஊர் அடிக்க வரும். பேசினை எடுக்கவும் ஏலாது, பரிசோதகர் எந்நேரமும் வருவார். காய்ச்சினாலாவது வீரியம் போகும் என்று நினைத்து மூப்பர் வீடு வீடாக ஓடினார்.

"கொதிக்கக் காய்ச்சாமல் ஒரு சொட்டும் குடிக்கப்படாது! கிணத்துத் தண்ணியெண்டாலும் அப்பிடித்தான்!"

மருந்துத் தண்ணீரை மட்டும் சொன்னால் ஊர் சந்தேகப்படும் என்றுதான் கிணற்றையும் சேர்த்தார். மருந்தென்றால் பத்தியம் இருக்கும்தானே. ஊர் மறுபேச்சில்லாமல் காய்ச்சியது. மூப்பரோ கோயில் மணி கேட்கும் போதெல்லாம், யாருக்கோ துக்க மணி என்று எழும்பி ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஏற்கெனவே படுத்திருந்தவர்களும் எழும்பிப் பூசைக்கு வந்திருந்தார்கள்.

"பாத்தீரே, கை கழுவின மருந்தின்ரை வேலையை!" என்றார் பரிசோதகர். "பெருநாளை நடத்தும்."

மூப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. கோயில் கூட்டும் மாக்கிறேற் அவரைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"மூப்பர் அண்ணை, பரிசோதகர் ஐயாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. முதல் நாள் பிள்ளையளுக்குக் கண் எரிஞ்சதெல்லே? புதன்கிழமையிலையிருந்து நீங்கள் வள்ளத்தடிக்குப் போனவுடனை அதை ஊத்திப்போட்டு, கிணத்துத் தண்ணிதான் நிரப்பி வைச்சனான்."