சம்பளம் வாங்கும் அப்பா

உடைந்த பொருள்களைச் சரிசெய்வது எப்படி என்று உலகத்துக்கு இலவசமாகச் சொல்லித்தரும் இணையதளம் ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். மின்விசிறி சுற்றவில்லையா, குழாய் ஒழுகுகிறதா, சைக்கிள் செயின் கழன்றுவிட்டதா, எல்லாவற்றுக்கும் எங்களிடம் பாடம் உண்டு. எழுதுகிறவர்கள் காசு வாங்குவதில்லை. படிக்கிறவர்கள் காசு கொடுப்பதில்லை. நடுவில் இருக்கும் எங்களுக்கு மட்டும் மாதாமாதம் சம்பளம் வேண்டியிருக்கிறது. அதனால் பக்கத்தின் தலையில் ஒரு மஞ்சள் பட்டை ஓடும்: 'ஐயா, அம்மா, நீங்கள் கைவிட்டால் நாங்கள் இல்லை.' அந்தப் பட்டையை எழுதுவதுதான் என் உத்தியோகம். தெருமுனையில் உட்கார்ந்து கேட்டால் பிச்சை, திரையில் கேட்டால் நிதி திரட்டல். இதற்குத் தனியாகப் படிக்க வேண்டும், நான் படித்திருக்கிறேன்.

இந்த வருடம் அறங்காவலர் குழு கூடி, எங்கள் நிர்வாகத் தலைவரின் சம்பளத்தை இருமடங்காக்கியது. விமானக் கம்பெனித் தலைவர் என்ன வாங்குகிறார், சிமெண்ட் கம்பெனித் தலைவர் என்ன வாங்குகிறார் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். நமக்கு விமானமும் இல்லை, சிமெண்டும் இல்லையே என்று ஒரு உறுப்பினர் கேட்டிருக்கிறார். எதுவுமே இல்லாத இடத்தை நிர்வாகம் செய்வது இன்னும் கஷ்டம் என்று மற்றவர்கள் விளக்கியதும் அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதே வாரம் பணியிடப் பண்பாட்டு ஆலோசகர் ஒருவர் வந்து இரண்டு நாள் எங்களோடு தரையில் உட்கார்ந்து மூச்சு விட்டார். அவர் போன கையோடு ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி இது அலுவலகம் அல்ல, குடும்பம். ஒருவரை ஒருவர் உறவுமுறை சொல்லி மட்டுமே அழைக்க வேண்டும். உறவுகள் சம்பள வரிசைப்படி ஒதுக்கப்பட்டிருந்தன. நிர்வாகத் தலைவர் அப்பா. மனிதவள மேலாளர் அத்தை. கணக்காளர் மாமா. நான் பெரியக்கா. சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும், நாங்கள் ஒயர் என்று பட்டப்பெயர் வைத்திருந்தவர் கடைக்குட்டித் தம்பி. ஒயருக்கு என்னைவிடப் பத்து வயது மூப்பு, தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் ஆணை ஆணைதானே. மறுநாள் காலையில் "வணக்கம் அக்கா" என்றார். நானும் "நல்லா இருப்பா தம்பி" என்றேன்.

பாவம், அவர் அப்போது நல்லா இல்லை. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டு, முடியாவிட்டால் காலி செய் என்று கெடு வைத்துவிட்டார். வீட்டில் மனைவிக்கு எட்டு மாதம். ரொம்ப வருஷம் தவமிருந்து தங்கிய கரு. ஒயர் நேராக அத்தையிடம் போனார். என் மேஜை பக்கத்தில்தான், எல்லாம் காதில் விழுந்தது.

"அத்தை, கொஞ்சம் சம்பளத்தைப் பார்த்துக் கூட்டிக் கொடுத்தீங்கன்னா..."

"தம்பி, அப்படிப் பண்ண முடியாதுப்பா."

"அப்பாவுக்கு மட்டும் கூட்டினாங்களே?"

"அது வேற. அவருக்குக் குறைச்சுக் கொடுத்தா நல்ல ஆளுங்க வர மாட்டாங்க. உனக்குக் கூட்டிக் கொடுத்தா பணத்தாசை பிடிச்ச ஆளுங்க வந்துடுவாங்க. ரெண்டுமே நிறுவனத்துக்கு ஆபத்து."

"அப்ப அப்பாவுக்குப் பணத்தாசை இல்லையா?"

"சேச்சே! அவருக்குப் பணம் ஒரு பொருட்டே இல்ல. அதனாலதான் எவ்வளவு கொடுத்தாலும் மறுபேச்சு பேசாம வாங்கிக்கிறார்." அத்தை குரலைத் தணித்தார். "அதோட ஒண்ணு யோசிச்சுப் பாரு. எந்த வீட்டுலயாவது பெத்த பிள்ளை அப்பாகிட்ட சம்பளம் கேக்குமா?"

"கேக்காதுதான். பிள்ளை வேற என்ன அத்தை செய்யும்?"

"என்ன செய்யும்? பேசாம அப்பா வீட்டுல இருக்கும்."

ஒயர் "சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் அப்பா வீட்டில் இருந்தேன். அவருடைய எளிமையைப் படம் எடுத்து நன்கொடையாளர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டில் எங்கே நிற்க வைத்தாலும் எளிமை வரவில்லை. கடைசியில் பின்பக்கம், தோட்டக்காரரின் வாளியைக் கையில் கொடுத்து நிற்க வைத்தேன். அப்போது வாசல் மணி அடித்தது, வாளியோடு அவரும் கேமராவோடு நானும் முன்பக்கம் வந்தோம். கதவைத் திறந்தவர் அப்பாவின் மனைவி. வாசலில் ஒயர், தலையில் ஒரு டிரங்குப் பெட்டி, கையில் சுருட்டிய பாய். பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி.

"யாருப்பா நீ?"

"அம்மா, நான்தாம்மா உங்க கடைசிப் பையன்."

அந்த அம்மாள் மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். "எனக்குத் தெரியாம இவ்வளவு பெரிய பிள்ளையா உங்களுக்கு?"

"ஐயோ, ஆபீஸ் பிள்ளைடி! சுற்றறிக்கையில வந்த பிள்ளை!"

துரத்திவிடத்தான் அப்பாவுக்கு ஆசை. ஆனால் 'நாங்கள் ஒரே குடும்பம்' என்ற செய்திமடல் அப்போதுதான் எல்லா நன்கொடையாளர்களுக்கும் போயிருந்தது. என் கையில் வேறு கேமரா. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "வயித்துப் பிள்ளைக்காரிய நிக்க வெச்சா பேசுவாங்க? நீ உள்ள வாம்மா" என்று அப்பாவின் மனைவிதான் அழைத்துக்கொண்டு போனார்.

மாடியில் பூட்டிக் கிடந்த அறைகளில் ஒன்று திறக்கப்பட்டது. ஒயரும் பிள்ளையாக லட்சணமாக நடந்துகொண்டார். "அப்பா, எங்க கிளம்பிட்டீங்க?", "அப்பா, மாத்திரை போட்டீங்களா?", "அப்பா, ஒரு நூறு ரூபா இருக்குமா?" என்று காலையும் மாலையும் விசாரித்தார். வாரக் கடைசியில் அப்பா அறங்காவலர் குழுவை அவசரமாகக் கூட்டினார்.

குழு இரண்டு மணி நேரம் தீர ஆலோசித்தது. நிர்வாகத் தலைவர் ஊழியர் ஒருவரைத் தன் கூரையின் கீழ் வைத்துக் காப்பாற்றுவதால், அவருக்குக் 'குடும்பச் சுமைப்படி' வழங்கத் தீர்மானம். ஊழியருக்குச் சோறும் இடமும் இலவசமாகக் கிடைப்பதால், அவர் சம்பளத்தைப் பாதியாகக் குறைக்கத் தீர்மானம். இரண்டும் ஒரே காகிதத்தில் வந்தன.

காகிதம் எங்கள் கைக்கு வந்ததும் குடும்பமே கொதித்தது. கொதிக்காமல் இருக்குமா? அன்று மாலையே எல்லோரும் கூடினோம். மாமா எழுந்தார்.

"அநியாயம்னா அநியாயம். நாம எல்லாரும் ஒரே குடும்பம்னுதானே சொன்னாங்க? அப்புறம் இவனுக்கு மட்டும் மாடி ரூம் எப்படி? நான் சொந்தக் காசுல வாடகை கட்டுறேனே, நான் என்ன மாற்றாந்தாய் பிள்ளையா?"

கைதட்டல் அடங்கவே இல்லை. ஒயரை உடனே வெளியேற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தோம். நியாயம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா? சுமைப்படியைப் பற்றிப் பேசவும் நினைத்தோம், நேரம் இல்லை. கை தூக்கும்போது ஒயர் என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்களுமா?"

"இது தனிப்பட்ட விஷயம் இல்ல தம்பி. கொள்கை."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அப்பாவின் மனைவி மட்டும் வாசல் வரை வந்து அழுதாராம். அந்த அம்மாளுக்கு நிர்வாகம் தெரியாது. ஒயர் மனைவியைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு, ஒரு வட்டிக் கம்பெனியில் இரண்டு பங்கு சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டார். "பணம் பெரிசாப் போச்சு அவனுக்கு" என்று அப்பா கூட்டத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த மாதப் பட்டையில் நான் இப்படி எழுதினேன்: 'பிள்ளை பிறக்கும் நேரத்தில் எங்கள் தம்பி வீடில்லாமல் நிற்கிறான்.' பணம் கொட்டியது. எங்கள் சரித்திரத்திலேயே அப்படி வந்ததில்லை. இந்தச் சாதனைக்காக அப்பாவின் சம்பளம் மறுபடியும் கூடியது.

வெற்றிபெற்ற திட்டத்தை விடக்கூடாது என்று குழு சொல்லிவிட்டது. இனி வருடத்துக்கு ஒரு பிள்ளை வீடில்லாமல் நிற்க வேண்டும். பேர் குலுக்கி எடுக்கப்படும். பேர் வந்தவருக்கு, வாடகை கட்ட முடியாமல் போகும்வரை சம்பளம் நிறுத்திவைக்கப்படும். நன்கொடையாளர்களிடம் பொய் சொல்லக்கூடாது என்பதில் அப்பா ரொம்பக் கறார்.

நேற்று குலுக்கினார்கள். என் பேர் வந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், மாமா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பட்டையையும் நானே எழுத வேண்டுமாம். வழக்கமாக ஒரு அழுகை வரி கிடைப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும். இன்று காலை உட்கார்ந்தேன், ஒரே மூச்சில் வந்துவிட்டது.

அத்தை வாங்கிப் படித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு பெரியக்கா," என்றார். "ஆனா நம்புற மாதிரி இல்லையே."